மீனுவுக்காக எழுதிய ஏழு வரி

சீன் பிரிப்பது எப்படி, எபிசோடின் கடைசி நிமிஷத்தில் யாரைக் கதவருகே கொண்டுவந்து நிறுத்துவது, மாமியாருக்கு எத்தனை வரி, மருமகளுக்கு எத்தனை கண்ணீர் என்பதையெல்லாம் புதிதாக எழுத வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லித்தரப் போவதில்லை. இரண்டு மாதம் செட்டில் உட்கார்ந்தால் தானாக வந்துவிடும். வராவிட்டால் டைரக்டர் திட்டியே வரவழைத்துவிடுவார். இருபத்திரண்டு வருஷம் ஹைதராபாத்தில் உட்கார்ந்து தமிழ் சீரியல்களுக்கு வசனம் எழுதிவிட்டு, இப்போது அல்வாலில் வீட்டோடு இருக்கிறேன். என் நல்ல எபிசோடுகளைப் பற்றி எழுதித் தரச் சொல்லித்தான் உங்கள் கம்பெனியில் கேட்டார்கள். நல்லதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன்.

அது ஒரு ஆவி சீரியல். பெயர் வேண்டாம், உங்களில் பாதிப் பேர் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்திருப்பீர்கள். ஒரு பெரிய வீடு. மூத்த மனைவி இறந்துபோய் ஆவியாக அந்த வீட்டிலேயே சுற்றுகிறாள். இரண்டாம் மனைவியாக ஒரு விதவை, தன் சின்ன மகளோடு வந்து சேர்கிறாள். ஆவி அந்தக் குழந்தையின் கண்ணுக்கு மட்டும் தெரியும். முதல் இருநூறு எபிசோடு ஆவிக்கும் இரண்டாம் மனைவிக்கும் சண்டை. அடுத்த நூறில் சமாதானம். அதற்கப்புறம் ஆவிக்கு வேலை இல்லை. வெள்ளைப் புடவையில் வந்து சமையலறையில் பால் பொங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜனங்கள் சேனலை மாற்ற ஆரம்பித்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்லமுடியாது, எழுதிய எனக்கே கொட்டாவி வந்தது.

இரண்டாம் மனைவியாக நடித்தவளை வாசுகி என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கேயே மெட்டுகுடாவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். கணவன் அவளையும் இரண்டு வயதுக் குழந்தையையும் விட்டுவிட்டு வெளிநாட்டு வேலை, வேறொரு பெண் என்று போய்விட்டான். விவாகரத்தும் ஆகிவிட்டது. அப்பா அம்மாவோடு அதே மெட்டுகுடா சந்தில் இருந்துகொண்டு ஷூட்டிங்குக்கு வந்துபோவாள். செட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் வீட்டிலும் தமிழ் பேசுகிறவர்கள். மத்தியானம் மேக்கப் அறையில் டப்பாவைத் திறந்தால் அவள் கத்தரிக்காய்ப் பொரியலில் பாதி என் தட்டுக்கு வந்துவிடும். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

ஒருநாள் சாப்பிடும்போது டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். கேட்டதும் சொன்னாள். அவன் திரும்பி வந்துவிட்டான். இங்கேயே வேலை மாற்றிக்கொண்டு வந்து, வாரக்கணக்காகப் போன் செய்கிறான். அவளோடு வாழ வரவில்லை, குழந்தையைப் பார்க்கவேண்டும் என்கிறான். குரலில் பழைய திமிர் இல்லை என்றாள்.

"வந்து பாத்துட்டுப் போகட்டுமே வாசுகி. உனக்கு இஷ்டம் இல்லையா?"

"இஷ்டம் எல்லாம் இருக்கு அக்கா. மீனு பாவம், ஸ்கூல்ல ஃபாதர்ஸ் டே கார்டு பண்ணச் சொன்னா என் அப்பாவுக்குப் பண்ணிட்டு வர்றா. ஆனா அவளைப் பொறுத்தவரைக்கும் அவர் செத்துப்போயிட்டார்."

எனக்குப் புரியவில்லை. மூன்று வயதில் மீனு, அப்பா எங்கே, அப்பா எங்கே என்று ஓயாமல் கேட்டிருக்கிறது. ஒருநாள் ஆத்திரத்தில் வாசுகி, அப்பா சாமிகிட்ட போயிட்டார், இனிமே கேக்காதே என்று சொல்லிவிட்டாள். குழந்தை அதற்கப்புறம் கேட்கவே இல்லை. அடுத்த வருஷம் திருத்தலாம், அதற்கடுத்த வருஷம் திருத்தலாம் என்று தள்ளிப்போட்டதில் குழந்தைக்கு எட்டு வயதாகிவிட்டது. சாமி படங்களுக்குப் பக்கத்தில் நின்று போட்டோகூட இல்லாத அப்பாவுக்கும் தினமும் ஒரு பூ வைக்கிறதாம்.

"மூணு ஞாயித்துக்கிழமை டைம் கேட்டிருக்கேன். அதுக்குள்ள மீனுகிட்ட சொல்லிடணும். வாயே வரமாட்டேங்குது அக்கா. நீங்க எழுதித் தாங்களேன்."

"நானா? நான் ஆவிக்கு எழுதறவம்மா."

"நக்கோ அக்கா, வேண்டாம், விளையாடாதீங்க. நெஜமாத்தான் கேக்கறேன். சின்னச் சின்ன வார்த்தையா எழுதுங்க. அவளுக்குத் தமிழ் புரியும், பதில்தான் தெலுங்குல சொல்லுவா. பெரிய வார்த்தை வந்தா முழிப்பா."

எழுதினேன். ஒரு நாளைக்கு முப்பது பக்கம் எழுதித் தள்ளுகிறவள், அந்த ஒரு அரைப் பக்கத்துக்கு நான்கு நாள் எடுத்துக்கொண்டேன். அழவைக்கிற வார்த்தை எது தலை நீட்டினாலும் அடித்தேன். கடைசியில் ஏழு வரி நின்றது.

"கண்ணு, அம்மா உன்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். அப்பா சாமிகிட்ட போகலை. தூரத்து ஊருக்குப் போனார். அம்மாவுக்கு அப்போ கோபம், அதான் அப்படிச் சொன்னேன். இப்போ அப்பா வந்திருக்கார். உனக்குப் பார்க்கணும்னா பார்க்கலாம். வேண்டாம்னாலும் அம்மா கோச்சுக்க மாட்டேன்."

வாசுகி அதை வாங்கிப் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதுதான் அக்கா, இவ்ளோதான் சொல்லணும். எனக்கு வரலை பாருங்க" என்றாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமைதான் பின்னால் என்னைக் கெடுத்தது.

அதே வாரத்தில் பேகம்பேட் ஆபீசில் மீட்டிங். சேனல்காரர் சென்னையிலிருந்து வந்திருந்தார். சின்ன வயதுதான், ரொம்ப மரியாதையாகப் பேசுவார். மரியாதையாகப் பேசுகிறவர்கள்தான் சீரியலை நிறுத்துவார்கள்.

"மேம், ஆவி ஓகே. ஆனா ஆவியைத் தாண்டி வீட்டுக்குள்ள ஒரு குழப்பம் வேணும். ரெண்டு வாரத்துல ஏதாவது நடக்கலைன்னா நான் மேல பதில் சொல்ல முடியாது."

டைரக்டர் தெலுங்குக்காரர். என்னைப் பார்த்தார். தயாரிப்பாளர் என்னைப் பார்த்தார். செட்டில் அறுபது பேர் வேலை செய்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. என் தலைக்குள் சுத்தமாக ஒன்றுமில்லை. ஒன்றே ஒன்று இருந்தது. அது என்னுடையது இல்லை.

"விதவைன்னு சொல்லிட்டு வந்தாளே, அவ விதவையே இல்ல" என்றேன். "புருஷன் செத்துட்டான்னு குழந்தைகிட்ட பொய் சொல்லிருக்கா. இப்போ அவன் உயிரோட வந்து வாசல்ல நிக்கறான்."

எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அப்புறம் ஆளாளுக்கு அள்ளிப்போட்டார்கள். வந்தவனை வீட்டார் ஆவி என்று நினைத்து மந்திரவாதியைக் கூப்பிடுவது. உண்மையான ஆவி குழந்தையிடம் வந்து, நான் இருக்கற பக்கம் உங்கப்பாவைப் பார்த்ததே இல்லையே என்று சொல்வது. இப்போதைய கணவனுக்குச் சந்தேகம். அவன் தங்கைக்கு வந்தவன்மேல் காதல். அந்தத் தங்கையைக் காப்பாற்ற ஆவி அவள் உடம்பில் புகுந்து, அதனால் ஆவிக்கும் அவன்மேல் ஒரு இது. அரைமணி நேரத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்று எங்களுக்கே பலகையில் கோடு போட்டுப் பார்க்கவேண்டியதாகிவிட்டது. சேனல்காரர் கைதட்டினார். நானும் சிரித்தேன்.

கதையைக் கேட்டதும் வாசுகி நேராக என்னிடம் வந்தாள்.

"அக்கா, காய்கு, ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"எத்தனையோ வீட்ல நடக்கறதுதானேம்மா. உன் கதைன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

அவள் சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அவள், "சரி, போகட்டும். நான் மீனுகிட்ட சொல்ற வரைக்கும் அம்மா பொண்ணு சீனை மட்டும் எடுக்காதீங்க" என்றாள். சத்தியமாக எடுக்கமாட்டோம் என்று சொன்னேன். சொல்லும்போது அதை நம்பித்தான் சொன்னேன். திரும்பி வந்தவன் வாசலில் நிற்பது, வீட்டார் அலறுவது என்று இரண்டு வாரத்தை ஓட்டிவிடலாம் என்பது என் கணக்கு.

கணக்கைக் கெடுத்தது ஒரு பரீட்சை. மகளாக நடித்த குழந்தைக்கு அரையாண்டுப் பரீட்சை. அவள் அம்மா காலையில் செட்டுக்கு வந்து, நாளையிலிருந்து பத்து நாள் அனுப்பமுடியாது என்று சொல்லிவிட்டார். டைரக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்தார்.

"மேடம், அம்மா பாப்பா சீன் இப்பவே எடுக்கணும். பத்து நாள் போனா கதை எங்கயோ போயிடும். அரை மணி டைம். லைட் ரெடி."

அரைமணி நேரம். அந்தச் சீனை அன்று எழுத முடியாது, வாசுகிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். குழந்தை இல்லாமல் ஒரு வாரம் ஓட்ட எனக்குத் தெரியாதா? ஆவியைக் கிணற்றடிக்கு அனுப்பியாவது ஓட்டியிருப்பேன். சொல்லவில்லை. சரி, சீனை எடுக்கட்டும், வேறு வார்த்தையாவது போடுவோம் என்று எழுதுகிற பேடை எடுத்து உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் போனது. எழுதியதெல்லாம் தகர டப்பா மாதிரி ஒலித்தது. ஏற்கெனவே அந்த இடத்துக்கு நான் எழுதக்கூடிய நல்ல வசனத்தை எழுதி முடித்துவிட்டேன், அது வாசுகியின் கைப்பையில் இருக்கிறது. எனக்கு மனப்பாடம். எபிசோடு ஒளிபரப்பாக இரண்டு வாரம் ஆகும், அதற்குள் அவள் வீட்டில் சொல்லியிருப்பாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஏழு வரியையும் அப்படியே எழுதினேன். கண்ணு என்பதைச் செல்லம் என்று மாற்றினேன். அதுதான் நான் செய்த ஒரே திருத்தம்.

எங்கள் செட்டில் யாரும் வசனத்தை முன்னால் படிப்பதில்லை. பாதி நடிகர்களுக்குத் தமிழ் தெரியாது என்பதால், உதவி இயக்குநர் ஒருவர் கேமராவுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாக உரக்கச் சொல்வார். நடிகர்கள் காதில் வாங்கி அப்படியே சொல்வார்கள். பிறகு டப்பிங்கில் அவர் குரல் போய்விடும். இதற்கு ப்ராம்ப்டிங் என்று பெயர், நீங்களும் பார்த்திருப்பீர்கள். தாள் கையில் வருவதற்குள் ஷாட் வந்துவிடும் என்பதால் தமிழ் தெரிந்த வாசுகியும் அந்தப் பழக்கத்துக்கு வந்திருந்தாள். என்ன பேசப்போகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. அம்மா பெண் சீன் என்று கேட்டதும் என்னைத் தேடி இரண்டு தடவை ஆள் அனுப்பினாள். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன்.

ஆக்‌ஷன் சொன்னார்கள். உதவி இயக்குநர் ஒரு நியூஸ் வாசிப்பதுபோல உரக்கச் சொன்னார்.

"செல்லம், அம்மா உன்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன்."

வாசுகியின் கண் கேமராவை விட்டு விலகி, மானிட்டருக்குப் பக்கத்தில் நின்ற என்னிடம் வந்தது. உதவி இயக்குநர், கேட்கவில்லை போலிருக்கிறது என்று இன்னும் உரக்க அதே வரியைச் சொன்னார். அவள் திரும்பிக்கொண்டாள். எதிரே நின்ற குழந்தையின் முகத்தைப் பார்த்து, வரிவரியாக, ஏழையும் சொன்னாள். ஐந்தாவது வரியிலேயே அழுதுவிட்டாள். அது எழுத்தில் இல்லாத அழுகை. லைட்மேன் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டைரக்டர் கட் சொல்லவே மறந்துபோனார்.

பிறகு வழக்கப்படி என் பக்கம் திரும்பினார். "மேடம், டயலாக் ஓகேவா?"

எங்கள் செட்டில் அது ஒரு வழக்கம். வசனம் எழுதியவர் ஓகே சொன்னால்தான் அடுத்த ஷாட். நான் இல்லை என்றால் இன்னொரு டேக் எடுப்பார்கள், ஏன் என்று கேட்கமாட்டார்கள். உச்சரிப்பு சரியில்லை என்று ஒரு சாக்குச் சொன்னால் போதும், உட்கார்ந்து வேறு ஏழு வரி மோசமாக எழுதிக்கொடுத்திருக்கலாம். யாருக்கும் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. ஆனால் என் வரிகள் அவ்வளவு நன்றாக வந்திருந்தன. அறுபது பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஓகே" என்றேன்.

அந்த வார்த்தையை இன்றுவரை என்னால் திரும்ப வாங்க முடியவில்லை. உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். கதைக்கு வறட்சி வரும், அரைமணி நேரத்தில் கேட்பார்கள், தலை காலியாக இருக்கும், எல்லாம் சகஜம். அப்போது கைக்குக் கிடைப்பது யாருடையது என்று பாருங்கள். நம்பிச் சொன்னவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால் எடுக்காதீர்கள். மோசமான எபிசோடு ஒன்று போனால் யாரும் சாகமாட்டார்கள், ஜனங்கள் அடுத்த நாளே மறந்துவிடுவார்கள்.

எபிசோடு வர இரண்டு வாரம் ஆகும் என்று நினைத்தேன் அல்லவா? அழுகை அவ்வளவு நன்றாக இருக்கிறது என்று சேனலில் அதை மட்டும் வெட்டி மூன்றாம் நாளே ப்ரோமோவாகப் போட்டுவிட்டார்கள். அரைமணிக்கு ஒரு தடவை ஓடியது. வாசுகி வீட்டில் மீனுவை அந்தச் சீரியல் பார்க்கவிடமாட்டார்கள், ஆவிக்குப் பயப்படும் என்று. அடுத்த வீட்டில் பயம் இல்லை. விளையாடப் போன இடத்தில் மீனு அதை எத்தனை தடவை பார்த்ததோ தெரியாது. ஊரெல்லாம் கூப்பிட்டு, எங்க மம்மி சூப்பரா அழுதா என்று காட்டியிருக்கிறது.

அது வாசுகிக்குத் தெரியாது. அவளுக்குக் கெடு முடிகிற சனிக்கிழமை. மறுநாள் அவன் வருகிறான். காலையில் குழந்தைக்குத் தலைவாரிவிட்டு, எதிரே உட்காரவைத்து ஆரம்பித்திருக்கிறாள். அவளிடம் இருந்தது அந்த வரிகள்தான், வேறு வார்த்தையை அவள் தேடி வைத்துக்கொள்ளவில்லை. என்னை நம்பித்தான் தேடவில்லை.

திங்கட்கிழமை மேக்கப் அறையில், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இதையெல்லாம் என்னிடம் சொன்னாள். குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அம்மா ஒரு பொய் சொல்லிட்டேன்னு ஆரம்பிச்சேன். உடனே சிரிக்க ஆரம்பிச்சுட்டா. அடுத்த வரியை அவளே சொல்றா. நான் ஏடி, நிஜமாத்தான் சொல்றேன்னேன். 'தர்வாத்த நுவ்வு ஏடுஸ்தாவு கதா மம்மி' அப்படிங்கறா."

அதற்கப்புறம் நீ அழுவாய்தானே மம்மி, என்று கேட்டிருக்கிறது குழந்தை. வாசுகிக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. குழந்தை கைதட்டியது.

"நேத்து அவர் வந்தார். பெரிய பொம்மை ஒண்ணு வாங்கிட்டு வந்தார். மீனு கிட்டப் போய் மரியாதையா நின்னு, 'அங்கிள், மீரு ஏ சீரியல்லோ சேஸ்துன்னாரு?'ன்னு கேட்டா. எந்த சீரியல்ல நடிக்கறீங்கன்னு. அவர் என்னைப் பாத்தார். நான் சொல்லிக் குடுத்து அவமானப்படுத்தறேன்னு நெனச்சுட்டார். இல்லன்னு எப்படிப் புரியவைக்கறது? ப்ரோமோவை அவரோட அம்மாவும் பாத்திருக்காங்களாம். நம்ம வீட்டு விஷயத்தை டிவில போட்டு விக்கறியான்னு கேட்டுட்டு எழுந்து போயிட்டார். சாயங்காலம் மீனு வழக்கம்போல அப்பாவுக்குப் பூ வெச்சா."

மன்னிச்சுக்கோ வாசுகி என்றேன். அதையும் எத்தனையோ எபிசோடில் எழுதியிருக்கிறேன், சொல்லும்போதே எனக்குக் கேட்டது.

"அதை விடுங்க மேடம். அவரைக் கெஞ்சிக்கூத்தாடி இன்னொரு தடவை வரச் சொல்லிக்கலாம். மீனு நம்பணும். வேற மாதிரி எழுதித் தரமுடியுமா? டிவில வராத மாதிரி."

மேடம் என்று கூப்பிட்டதை அவள் கவனித்தாளா தெரியாது. நான் கவனித்தேன். உடனே பேடை எடுத்துக்கொண்டேன். அன்று ஷூட்டிங்குக்கு எழுதவேண்டியதை ஒதுக்கிவைத்துவிட்டு, மத்தியானம் வரை அதே அறையில் உட்கார்ந்து எழுதினேன், கிழித்தேன், மறுபடி எழுதினேன். என்ன எழுதினாலும் ஒரு பாட்டு பின்னால் ஓடுவதுபோலவே இருந்தது. கடைசியில் ஒரு பக்கம் தேறியது. கொடுத்தேன்.

வாசுகி நின்றபடியே படித்தாள். இரண்டு தடவை படித்தாள். தாளை மடிக்காமல் என்னிடமே நீட்டினாள்.

"நல்லா இருக்கு மேடம்" என்றாள். "சீரியலுக்கு வெச்சுக்கோங்க."

ஷாட்டுக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டாள். அதற்கப்புறம் நூற்றைம்பது எபிசோடு அவளுக்கு எழுதினேன். என்னிடம் அவள் எதுவும் கேட்டதில்லை.